மேப்பில் தண்ணீராக இருந்த நிலம்

காளியண்ணன் கேமரன் மலையில் ரிங்லெட் ஊர்ப் பாசாருக்குள் நுழைந்து "கத்திரிக்கா என்ன வெல?" என்று கேட்டால், எதிர்வரிசைக் கடைக்காரன் யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்று எழுந்து நிற்பான். கோபக்காரர் இல்லை, பாவம். பல வருஷமாக ஓடையோரம் தனியாகக் குடியிருந்தவர். அந்த இரைச்சலில் தன் பேச்சு தன் காதிலேயே விழ வேண்டுமென்றால் கத்தித்தான் ஆகவேண்டும். கத்திக் கத்தி, மெதுவாகப் பேசும் வித்தையே மறந்துபோயிற்று. அதனால் அவருக்கு ரகசியம் என்று ஒன்று கிடையாது. ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள நான்கு பேர் வாயைக் கிண்டும் சிரமம் அவர் விஷயத்தில் எனக்கு வந்ததே இல்லை. என் லோரியை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் போதும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரிக்கு மலை ஓடை ஒன்றிலிருந்து தண்ணீர் வரும். ஓடையின் குறுக்கே சின்னதாக ஒரு தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் ஒரு குட்டை, குட்டையிலிருந்து குழாய். குழாய் வாயில் இரும்புக் கம்பிச் சட்டம். அந்தக் கம்பியில் இலை சேர்ந்தால் வாரவேண்டும். குட்டையில் மணல் சேர்ந்தால் அள்ளவேண்டும். அதுதான் காளியண்ணன் வேலை. தோட்டத்தில் அவரைத் 'தண்ணிக் கங்காணி' என்பார்கள். மற்ற கங்காணிகள் ஆட்களை மேய்ப்பார்கள். இவருக்கு மேய்க்க ஆள் இல்லை, தண்ணீர் மட்டும்தான். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்காது.

1963-இல் குட்டையோரம் தோட்டம் கொடுத்த குடிசைக்குக் குடிபோனார். தொழிலாளர்கள் இருக்கும் லைன் வீடுகளிலிருந்து முக்கால் மணி நேர நடை. வாரத்துக்கு ஒருமுறை அரிசி, பருப்பு வாங்க இறங்கி வருவார். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதற்கு ஊரில் மூன்று கதை உண்டு. எனக்குப் பிடித்தது, பீடோரிலிருந்து பெண்ணை அழைத்து வந்த டாக்சி குடிசை வாசலில் எஞ்சினை நிறுத்துவதற்கு முன்பே பெண் "வண்டியைத் திருப்புங்க" என்றாள் என்பது. டாக்சி போகும் அளவுக்கு அங்கே பாதையே இல்லை. இருந்தாலும் கதை நல்ல கதை.

முதல் சில வருஷம் குட்டையை வருஷத்துக்கு ஒருமுறை அள்ளினால் போதும். மேலே காடு இருந்தது. எழுபதுக்குப் பிறகு மலைச்சரிவில் காய்கறித் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். சிவலிங்கம் என்று ஒருவர், திரிங்காப்பிலிருந்து வந்தவர், குட்டைக்கு நேர் மேலே ஐந்து ஏக்கர் சரிவை வெட்டிக் கோஸ் நட்டார். அந்த வருஷம் மூன்று முறை அள்ளவேண்டி வந்தது. எழுபத்தெட்டில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அள்ளினார். மண்ணைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாலே எங்கிருந்து வந்தது என்று சொல்வார். நறநறவென்று வெள்ளையாக இருந்தால் ஓடைக்கல் தேய்ந்தது. கறுப்பாகப் பிசுபிசுத்தால் காட்டுக்குள்ளிருந்து வந்தது. சிவப்பாக, சோப்பு மாதிரி வழுக்கினால் சிவலிங்கம்.

மழையும் முன்போல் இல்லை என்பார்.

"முன்ன மழை மாமியா மாதிரி, தம்பி. நாள் பூரா மொணமொணன்னுட்டே இருக்கும், ஒண்ணும் கெட்டுப்போவாது. இப்ப மருமக மாதிரி. ஒரு வாரம் பேச்சே இல்ல, அப்புறம் ஒரு மணி நேரத்துல சட்டி பானை எல்லாம் பறக்குது."

குளிரும் குறைந்திருந்தது. அவர் வருஷம் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்த கம்பளிச் சட்டை எழுபத்தைந்துக்குப் பிறகு பாதி நாள் ஆணியில் தொங்கியது. காடு போனதாலா, வானமே மாறிவிட்டதாலா என்று கேட்டால், "நான் கம்பிக்குக் கீழதான் கங்காணி, மேல இருக்கறத தொரையக் கேளு" என்பார்.

அந்த எழுபத்தெட்டில்தான் அவர் வடிவம்மாளிடம் கேட்டார்.

வடிவம்மாள் ரிங்லெட் பாசாரில் கீரை விற்றாள். வயது நாற்பது. புருஷன் வேறொரு தோட்டத்தில் வேலை செய்து இறந்தவர். ஒண்டி ஆளுக்கு வாரம் மூன்று கட்டு முருங்கைக்கீரை எதற்கு என்று எனக்கு முன்பே சந்தேகம். அன்றைக்குத் தீர்ந்தது.

"வடிவு, ஒண்ணு கேக்கணும்." அவர் காதோடு காதாகத்தான் கேட்க நினைத்தார். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கேட்டது.

"மெதுவா பேசுங்க லா. பாசாரே பாக்குது."

"மெதுவாத்தானே பேசறேன்! என்னைக் கட்டிக்கிறியா?"

மீன் வெட்டிக்கொண்டிருந்த சீனர் கத்தியை நிறுத்தினார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரிந்தது.

வடிவம்மாள் கீரைக்கட்டு மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "எம் புருசன் செத்த மாசமே லைன் வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்க. சட்டி பானையோட ரோட்டுல நின்னேன். இனிமே எவனும் எறங்குன்னு சொல்ல முடியாத எடத்துலதான் குடியிருப்பேன். உங்களுக்கு அம்பத்தஞ்சு ஆனா அந்தக் குடிசைய விட்டு எறக்கிடுவாங்க. சொந்தமா ஒரு துண்டு நெலம், அதுல ஒரு வீடு. இருந்தா சொல்லுங்க, வரேன்."

"கட்டறேன்!"

"எனக்கு மட்டும் சொன்னாப் போதும். பிரிஞ்சாங் வரைக்கும் சொல்ல வேணாம்."

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர் பெயரே காளியண்ணன். கூப்பிட்டால் அண்ணன் என்றுதான் வாயில் வரும். அன்றிலிருந்து வடிவம்மாள் அவர் பெயரைச் சொல்வதை விட்டாள். "இந்தாங்க", "பாருங்க" என்று கூப்பிட்டாள். அதைக் கேட்டுத்தான் விஷயம் நடக்கும்போல என்று நாங்கள் நம்பினோம்.

அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது. ஆறு வருஷம் இருந்தது. கூலிக்காரன் வாங்குகிற விலையில் மலையில் நிலம் ஏது? தட்டையான இடமெல்லாம் தோட்டத்துக்கு, சரிவெல்லாம் சிவலிங்கம் மாதிரி ஆட்களுக்கு. காளியண்ணன் யாரும் தேடாத இடத்தில் தேடினார்.

நம் ஓடை கீழே போய் ஆற்றில் சேர்ந்து, ஆறு ரிங்லெட்டுக்குக் கீழே அணைக்கட்டு ஏரியில் விழும். விழுகிற இடத்தில் ஓட்டம் நின்றுவிடும். ஓட்டம் நின்றால் தண்ணீர் தூக்கிவந்ததை எல்லாம் போட்டுவிடும். முதலில் கல், அடுத்து மணல், கடைசியில் சேறு. எங்களுக்குத் தெரிந்து அங்கே படகு போனது. எழுபத்தொன்பதில் இடுப்பளவு தண்ணீர். எண்பதில் முழங்கால். அடுத்த வருஷம் ஒரு கொக்கு கால் நனையாமல் நின்றது. அதைப் பார்த்துவிட்டுத்தான் காளியண்ணன் ஓடிவந்து என் லோரிக் கதவைத் தட்டினார்.

"தம்பி, நெலம் மொளைக்குது!"

கம்பிச் சட்டத்தில் கற்ற பாடம் அவருக்கு இருந்தது. தண்ணீருக்குக் குறுக்கே எதையாவது வைத்தால் அதன் பின்னால் மணல் சேரும். மூங்கில் கிளைகளை வெட்டி ஆற்று வாயில் வரிசை வரிசையாக ஊன்றினார். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வரிசை மூடியது. அதன் மேல் இன்னொரு வரிசை. புல் பிடுங்கி நட்டார். ஆற்றைக் கூலியில்லாத ஆளாக வைத்து நிலம் கட்டினார் என்றுதான் சொல்லவேண்டும். காலையில் குட்டையில் மணலை அள்ளும்போது சிவலிங்கத்தின் ஏழு தலைமுறையையும் திட்டுவார். வேலை முடிந்து கீழே வந்து பார்க்கும்போது அதே சிவப்பு மண் சேர்ந்திருந்தால், "இன்னிக்கு நல்லா வந்திருக்கு" என்று முகம் மலரும். ஒரே நாளில், ஒரே மண்ணுக்கு.

எண்பத்திரண்டில் கால் ஏக்கருக்கு மேல் இருந்தது. அதைக் கேள்விப்பட்டு ஒருநாள் சிவலிங்கமே இறங்கி வந்தார். குனிந்து மண்ணை எடுத்துப் பார்த்தார்.

"இது எம் மண்ணு."

"எது?"

"இது. செவப்பப் பாரு. நான் போட்ட கோழி எரு வாசம் அடிக்குது. அதோ கெடக்குதே, எந் தக்காளிக்கு வச்ச குச்சி."

"அப்ப எடுத்துக்கிட்டுப் போங்க லா! கூடை தரேன். ஆறு மைலு மேல தூக்கிட்டுப் போய் இருந்த எடத்துலயே ஒட்டிடுங்க!"

சிவலிங்கம் தக்காளிக் குச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். தன் மலை கரைகிறது என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்திருக்கும். ஆனாலும் அடுத்த மாதம் இன்னும் ஓர் ஏக்கர் வெட்டினார்.

நிலம் முளைத்தால் போதாது, காகிதம் வேண்டும். காளியண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தானா ராத்தாவில் நில விவகாரம் பார்க்கும் அலுவலகத்துக்குப் போனார். நான்தான் ஏற்றிப்போனேன். கவுண்டரில் எழுத்து வேலை பார்க்கும் தனராஜ் என்ற கிராணி, ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்த நல்ல மனிதர். பெரிய மேப்பை விரித்து இடத்தைக் காட்டச் சொன்னார். காளியண்ணன் விரலை வைத்தார். விரலுக்குக் கீழே நீலமாக இருந்தது.

"அண்ணே, இது தண்ணி."

"தண்ணி இல்ல சார்! நான் நடக்கறேன் அதுல!"

"நீங்க நடக்கறீங்க. கவர்மெண்டு மேப்புல தண்ணி. தண்ணியில வீடு கட்ட எப்பிடி லைசன்ஸ் குடுக்கறது?"

"மேப்ப எப்ப போட்டது?"

"அணை கட்டினப்ப."

"அதுக்கப்புறம் ஒரு மலையே கரைஞ்சு வந்து உக்காந்திருக்கு சார்!"

அலுவலகத்தில் எல்லா டைப்ரைட்டரும் நின்றுவிட்டன. தனராஜ் கெஞ்சும் குரலில், "அண்ணே, தண்ணின்னு இருக்கற எடத்துக்கு வேணும்னா மீன் புடிக்கற பெர்மிட்டு குடுப்பாங்க. அதுவும் இங்க இல்ல, அடுத்த கதவு" என்றார். சிரித்து அனுப்பிவைக்கத்தான் சொன்னது. காளியண்ணன் நேராக அடுத்த கதவுக்குப் போனார்.

கேமரன் மலையிலேயே மீன் பிடிக்கிற பெர்மிட்டில் பாகற்காய் நட்டவர் அவர் ஒருவர்தான்.

எண்பத்து நாலு ஆகஸ்டில் ஓய்வு. குடிசையைக் காலி செய்து கீழே வந்தார். பலகையும் தகரமும் வைத்து வீடு கட்டினார். கால் ஊன்றி, தரையை உயர்த்தி. எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு அவரிடம் கணக்கு இருந்தது. 1971 வெள்ளம்தான் அவர் பார்த்ததிலேயே பெரியது. அன்றைக்குக் கரையோர மரத்தில் குப்பை தங்கிய உயரம் அவருக்குத் தெரியும். அதற்கு மேல் இரண்டு அடி விட்டுத் தளம் போட்டார். வேலையில் இருந்த இருபத்தோரு வருஷத்தில் எந்த வெள்ளமும் அந்த மரத்தில் அதைத் தாண்டி ஏறியதில்லை.

வடிவம்மாளைக் காட்ட அழைத்து வந்தார். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணில் நின்றாள். குதித்துப் பார்த்தாள். வீட்டுக்குள் போய் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தாள். தேங்காய்த் துருவி ஒன்று புதிதாக வாங்கி வைத்திருந்தார். ஒண்டி ஆள் தேங்காய் துருவி எந்தக் காலத்தில் சமைத்தார்?

"நல்லா இருக்கு" என்றாள்.

"அப்ப எப்ப வர?"

"இந்த ஒரு மழை போவட்டும். தை பொறந்ததும் வரேன்."

"மழை என்ன பண்ணும்? கணக்குப் போட்டுக் கட்டியிருக்கேன்."

"தெரியும். ஒரு மழை போவட்டும்."

அந்த மூன்று மாதம் அவர் இருந்த இருப்பை நான் பார்த்திருக்கிறேன். லோரியைச் சாலையில் நிறுத்திவிட்டு இறங்கிப் போவேன். இரண்டு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார், ஒன்றில்தான் சாப்பிட்டிருப்பார். ஏரிக்கரையில் இரைச்சல் கிடையாது. அந்த அமைதி அவருக்குப் பிடிபடவில்லை. சாயங்காலம் ரேடியோவில் தமிழ் ஒலிபரப்பு முடிந்த பிறகும் அணைக்காமல் இரையவிட்டு உட்கார்ந்திருப்பார். நான் கிளம்பும்போது, "இன்னொரு தே குடிச்சிட்டுப் போ, தம்பி" என்பார். குடித்தால், "இன்னொண்ணு" என்பார். ஒருநாள் நான்கு கிளாஸ் தேநீர் குடித்துவிட்டு தாப்பா மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் லோரியை நிறுத்தவேண்டி வந்தது.

நவம்பர் கடைசியில் ஒரு மத்தியானம். இரண்டு நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்து, ஒரு மணிக்கு வானம் இறங்கியது. மூன்று மணி வரைக்கும் விடவில்லை. நான் ரிங்லெட்டில் ஒரு கடையில் மாட்டிக்கொண்டேன், எதிரே இருந்த கோயில் தெரியவில்லை. காளியண்ணன் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆறு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போட்ட தளத்துக்கு ஓர் அடி கீழே வந்தது. பிறகு மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஆறு வற்றத் தொடங்கியது. ஓசை அடங்கியது.

வேறு யாராக இருந்தாலும் சாமிக்குக் கற்பூரம் ஏற்றியிருப்பார்கள். அவர் தண்ணிக் கங்காணி. மழையில் ஆறு அடங்கினால் மேலே எங்கோ மலை சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அடைப்பு எந்த நிமிஷமும் உடையும். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினார், கரையிலிருந்து சாலைக்கு ஏறினார். ஏறி நின்று பார்த்தபோதுதான் கையில் தேங்காய்த் துருவி இருப்பது தெரிந்ததாம்.

சிவலிங்கத்தின் சரிவு முழுவதும் வந்தது. கோஸ், கொட்டகை, மரம், பாறை எல்லாம். சிவலிங்கம் சந்தைக்குப் போயிருந்ததால் பிழைத்தார். காளியண்ணன் தளத்துக்கு மேல் நான்கு அடி சிவப்புத் தண்ணீர் போனது. வீடு அப்படியே நிமிர்ந்தபடி கொஞ்ச தூரம் ஏரிக்குள் நடந்து, பிறகு உட்கார்ந்தது என்று அவர் சொன்னார். அவர் போட்ட கணக்கில் தப்பு எதுவும் இல்லை. போன இருபத்தோரு வருஷ மழைக்கு அது சரியான கணக்கு. இது வேறு மழை, மலையும் வேறு மலை.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது. வடிவம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நானும் அங்கேதான் நின்றேன். வேண்டுமென்றே போகவில்லை, டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு இருந்த சுவடே இல்லை. ஆனால் நிலம் இருந்தது. முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கு, ஓர் ஆள் உயரம் கூடுதலாக.

"பாத்தியா வடிவு? முக்கா ஏக்கர் இருக்கும்! ஒசரமும் கூடிருச்சு!"

"பாத்தேன்."

"வீடுதான் போச்சு. ரெண்டு வருசம் குடு. இன்னும் நாலடி ஏத்திக் கட்டறேன்."

"வேணாங்க. பாசார் பின்னால ஒரு ரூம்பு காலியா இருக்கு. வாடகைதான். வாங்க, போவலாம்."

"வாடகையா? எவனோ ஒருத்தன் எறங்குன்னா எறங்கணுமே. நீதானே சொன்ன, எவனும் எறங்குன்னு சொல்ல முடியாத எடம்னு?"

"சொன்னேன். அப்ப வேணும்னு தோணுச்சு. இப்ப நீங்க உசுரோட நிக்கறீங்க, அது போதும். வாங்க."

காளியண்ணன் அவளைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தார். "நான் கட்டறேன்னு சொல்லியிருக்கேன் வடிவு. ஊருக்கே தெரியும். ரெண்டே வருசம்."

"இன்னும் ரெண்டு மழையா?"

அவர் மூங்கில் தேடப் போய்விட்டார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். ஆற்றுத் தண்ணீரில் காலைக் கழுவினாள். அது சிவப்பாக இருந்ததால் கால் இன்னும் அழுக்காயிற்று. அப்படியே பஸ் ஏறினாள். பொங்கலுக்குப் பிறகு பாசாரில் அவள் இடத்தில் வேறொருத்தி பூ விற்றாள். ஈப்போவில் தங்கை சாரதா வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். விலாசம் எனக்குக் கிடைத்தது. அவர் கேட்கவில்லை.

வீடு மறுபடியும் எழும்பவில்லை. எண்பத்தாறில் ஏரியைத் தூர்வார ஒரு காண்டிராக்டர் வந்தார். அவருக்கு அது நிலம் இல்லை, ஏரியை அடைத்த குப்பை. இயந்திரத்தை எங்கே இறக்கினால் புதையாது என்று சொல்ல உள்ளூர் ஆள் தேவைப்பட்டது. எங்கே கல், எங்கே மணல், எங்கே சேறு என்று காளியண்ணனுக்குத்தான் தெரியும். நாள் கூலிக்குச் சேர்ந்தார். மண்ணை ஏற்றிப்போன லோரிகளில் ஒன்று என்னுடையது.

தூரத்து ஓரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். வீடு இருந்த இடத்துக்கு வந்துசேர ஐந்து மாதம் ஆனது. அன்றைக்கு லீவு போடுவார் என்று நினைத்தேன். வந்து நின்றார். இயந்திரம் வெட்டிய சுவரில் மண் அடுக்கடுக்காகத் தெரிந்தது.

"அடியில வெள்ளை, அது எம்பது. கறுப்பு, எம்பத்தொண்ணு, அந்த வருசம் மேல காடு வெட்டினாங்க. இந்தத் தடிச்ச செவப்பு எம்பத்தி நாலு." எதிரே யாரும் கேட்கவில்லை. இயந்திரம் ஓட்டிய மலாய்க்காரர் கையை ஆட்டி எந்தப் பக்கம் என்று கேட்டார். காளியண்ணன் இடது பக்கம் கை காட்டினார்.

சாயங்காலம் என் லோரியில் ஏறி உட்கார்ந்தார்.

"இதெல்லாம் எங்க கொண்டுபோய் கொட்டற, தம்பி?"

"அந்தப் பக்கம் ஒரு பள்ளத்துல, அண்ணே. பள்ளம் ரொம்பிருச்சு. இப்ப தட்டையா, மைதானம் மாதிரி கெடக்கு."

 ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, அந்தப் பள்ளத்தைப் பார்க்கப் போகலாம் என்றார். போனோம். கொட்டிய மண் நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். புல் இன்னும் முளைக்கவில்லை. ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரம்வரை காலடி வைத்து அளந்துகொண்டே போனவர், தூரத்திலிருந்து கத்தினார்:

"தம்பி! இங்க மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் எறங்கும்?"